வாளுக்குப் பொட்டு வைத்த ஞாயிற்றுக்கிழமை

போன மாதம் நூதனசாலையிலிருந்து சோபீ போன் எடுத்தா. "ஒண்டுக்கும் பயப்பிடாதேங்கோ, ஒண்டும் பழுதாகேல்லை" என்றுதான் தொடங்கினா. என்னைத் தெரிந்த ஆட்கள் எல்லாரும் அப்படித்தான் தொடங்குவார்கள். என் மகள் அப்படி, பல்வைத்தியர் அப்படி, கார் திருத்துகிறவரும் அப்படி. பழுதாகாத ஒன்றைப் பழுதாகவில்லை என்று ஏன் ஒருவர் போன் எடுத்துச் சொல்ல வேண்டும்?

சோபீ நான் வேலை செய்த அறையில் இப்போது இருக்கிற இளம் பிள்ளை. பழைய பொருட்களைப் பழுதாகாமல் பார்ப்பதற்கென்றே படித்து வந்தவ. எங்கள் யப்பான் வாள்களுக்குப் புது அலுமாரி வந்திருக்கிறதாம். அதற்குள்ளே காற்று எப்போதும் உலர்ந்தபடி இருக்குமாம். இனி வாளுக்கு எண்ணெய் பூசத் தேவையில்லை, கடைசித் தடவையாக எண்ணெயைத் துடைத்து எடுக்கப்போகிறோம், நீங்களும் வாங்கோ, உங்கட பழைய பொறுப்பாளர் போடிலும் வாறா என்றா. அதோடு இன்னொரு கேள்வியும் கேட்டா. அதைக் கேட்டு நான் கதிரையில் இருந்தபடியே சிரிக்கத் தொடங்க, மனிசி சமையலறையிலிருந்து ஓடிவந்து, "ஆர் செத்தது?" என்று கேட்டா. நான் சிரிப்பது எங்கள் வீட்டில் அவ்வளவு புதுமை.

அந்தக் கேள்வி விளங்க வேண்டுமென்றால் முன்கதை முழுவதும் சொல்ல வேண்டும். சங்கத்து மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று வைலே நகரத்தில் இருக்கிற பிள்ளைகளும் கன நாளாகக் கேட்கிறார்கள். நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எழுத்துப் பிழை இருந்தால் திருத்திப் போடுங்கள். எண்ணெய் விஷயத்தில் மட்டும் கை வைக்காதீர்கள்.

டென்மார்க்குக்கு வந்ததும், பாஷைப் பள்ளிக்கூடத்தில் இருந்ததும், மீன் தொழிற்சாலையில் விறைத்ததும் உங்கள் எல்லார் கதையும் போலத்தான். அதை விட்டுவிடுகிறேன். பிறகு வைலேயில் நூதனசாலையில் துப்புரவு வேலை கிடைத்தது. கண்ணாடிப் பெட்டிகளைத் துடைப்பேன், கதவுகளைப் பூட்டுவேன். பூட்டினேனா என்று திரும்ப வந்து பார்ப்பேன். பஸ் தரிப்பு வரைக்கும் போய்விட்டு இன்னொரு தடவையும் வந்து பார்ப்பேன். இதை மேல்மாடி யன்னலில் நின்று ஒரு பொம்பிளை கவனித்துக்கொண்டே இருந்திருக்கிறா.

அவதான் போடில். நூதனசாலையின் பொருட்பாதுகாப்புக்குப் பொறுப்பானவ. நெட்டை உருவம், ஒட்ட வெட்டிய நரைமயிர், கழுத்தில் கயிற்றில் தொங்குகிற கண்ணாடி. ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, தன்னுடைய அறைக்கு ஓர் உதவியாள் வேண்டும், கொஞ்சக் காலத்துக்கு வந்து பாருங்கோ என்றா. நான் படிக்காதவன், எனக்கு எல்லாத்துக்கும் பயம் என்று சொன்னேன்.

"பயப்பிடுற ஆள்தான் வேணும்" என்றா. "பயமில்லாதவை ஒண்டில் விரலை வெட்டுவினம், இல்லாட்டி வாளில விரல் அடையாளத்தை விட்டிட்டுப் போவினம்."

இதில் எது மோசம் என்று கேட்டேன்.

"விரல் ஆறிவிடும்" என்றா.

போடில் அதிகம் கதைக்கிற ஆள் இல்லை. டேனிஷ்காரர் எல்லாத்துக்கும் சொல்கிற "நொ" என்ற அந்தச் சின்னச் சொல் ஒன்று இருக்கிறதே, இங்கிலீசு நோ இல்லை, அப்பிடியோ, சரி, போச்சு எல்லாம் அதற்குள் அடக்கம், அரைநாள் வேலையை அதை வைத்தே ஓட்டிவிடுவா. ஆனால் அவவின் மனநிலையை அறிய எனக்கு வேறு வழி இருந்தது. கோப்பி. ஒரு பிரச்சினையும் இல்லையென்றால் தூள் கோப்பி, சுடுதண்ணீர், முடிந்தது. ஏதாவது பிழைத்துவிட்டால் வடிகட்டிக் கோப்பி. உண்மையாகவே ஆபத்தென்றால் இறாக்கையிலிருந்து பழைய கைச்சுற்று அரைவையை எடுத்து, கொட்டையைப் போட்டு, நின்று நிதானமாக அரைப்பா. குழாய் வெடித்துக் களஞ்சியத்துக்குள் தண்ணீர் வந்த அன்று நாங்கள் எல்லாரும் வாளியோடு ஓட, அவ ஆட்களுக்கு வேலையைப் பிரித்துக் கொடுத்துவிட்டு அரைத்துக்கொண்டு நின்றா. அந்த அரைவைச் சத்தத்தைக் கேட்டால் நான் வாளியைத் தேடுவேன்.

இனி வேலை. எங்களிடம் ஒரு கப்பல்காரர் விட்டுப்போன யப்பான் வாள்கள் கொஞ்சம் இருந்தன. யப்பான் வாளின் அலகை நீங்கள் பார்த்திருந்தால் தெரியும், கண்ணாடி மாதிரி. கூர்ப்பக்கம் நெடுக வெள்ளைப் பனிப்புகார் ஓடியது போல ஒரு கோலம் இருக்கும், காலையில் எங்கள் பியோட்டில், அந்த நீளக் கடல்வாயில் கிடக்கிற புகார் போலவே. அந்த மினுக்கத்துக்கு ஒரு துளி ஈரமும் ஒத்துவராது.

வாளை உறையிலிருந்து எடுக்கும்போது கூர் மேலே பார்க்க வேண்டும். வாளின் முதுகுதான் உறையில் படிந்து வழுக்கி வர வேண்டும். பிடியில் இருக்கிற மூங்கில் ஆணியைச் சின்னச் சுத்தியலால் தட்டி எடுத்து, பிடியைக் கழற்ற வேண்டும். அதற்கு முதல் ஒரு மடித்த தாளை உதட்டுக்கிடையில் கவ்விக்கொள்ள வேண்டும். ஏனென்றால் வாளுக்கு முன்னால் வாய் திறக்கக்கூடாது. கதைத்தால் எச்சில் தெறிக்கும். கண்ணுக்குத் தெரியாத எச்சில்தான், ஆனால் துரு அதைத் தேடி வரும். எனக்கு அந்தத் தாள் நல்ல பிடிப்பு. "கவனம், கவனம்" என்று நான் சொல்லிக்கொண்டே இருப்பதை அது ஒன்றுதான் நிற்பாட்டியது.

பிறகு பழைய எண்ணெயைத் துடைப்பது. மெதுவான தாளை மடித்து, முதுகுப் பக்கமாக அலகைப் பிடித்து, அடியிலிருந்து நுனிக்கு ஒரே இழுவை. திரும்ப வரக்கூடாது. யப்பானில் கல்மாவைப் பட்டில் பொட்டளமாகக் கட்டி அலகில் தட்டுவார்களாம். அது கொஞ்சம் கொஞ்சமாக மினுக்கத்தைத் தின்றுவிடும் என்று போடில் அதைத் தொட விடமாட்டா. ஸ்பிரிற் தோய்த்த பஞ்சுதான். அதையும் தேய்க்கக்கூடாது, ஒரு குச்சியில் சுற்றி உருட்ட வேண்டும். கடைசியில் புது எண்ணெய்.

எந்த எண்ணெய் என்பதில் எங்களுக்குள் ஒரு பருவம் முழுக்க இழுபறி. மூன்று போத்தல் இருந்தது. ஒன்று யப்பான்காரர் வழக்கமாகப் பாவிக்கிற, கராம்பு வாசம் சேர்த்த எண்ணெய். இரண்டாவது கமேலியா என்ற பூமரத்தின் விதையில் பிழிந்தது. மூன்றாவது நிறமும் இல்லாத மணமும் இல்லாத சுத்தமான மெசின் எண்ணெய். இரும்புத் துண்டுகளில் ஒவ்வொன்றையும் பூசி, ஈரப் பஞ்சு வைத்த கண்ணாடிப் பெட்டிக்குள் தொங்கவிட்டோம். நான் ஒவ்வொரு காலையும் கோட்டைக் கழற்றாமலே ஓடிப்போய்ப் பார்ப்பேன். எனக்கு ஆசை கராம்பில். போத்தலைத் திறந்தாலே மனம் குளிரும். ஆனால் வீட்டுக்குப் போனால் மனிசி மூக்கைச் சுருக்கி, "எந்தப் பல்லு குத்துது?" என்று கேட்பா.

மூன்றும் துருவைத் தடுத்தன. கமேலியாதான் வேறு விதத்தில் தோற்றது. நாள்போக மஞ்சளாகி, பிசினாகி, கழற்றவே ஏலாமல் ஒட்டிக்கொண்டது. கராம்பில் வாசத்துக்கு என்ன சேர்த்திருக்கிறார்கள் என்று போத்தலுக்குப் போத்தல் நிச்சயமில்லை. நான் கராம்புக்காக எவ்வளவோ வாதாடிப் பார்த்தேன். போடில் கேட்டுவிட்டு, "வாளுக்கு மூக்கில்லை" என்றா. மெசின் எண்ணெய் என்று முடிவானது.

அடுத்தது அளவு. எங்கள் ஆட்களுக்கு எண்ணெய் என்றால் வடிய வேண்டும். தலைக்கு வைத்தாலும் சரி, தோசைக்கு விட்டாலும் சரி. நான் முதன்முதலில் எண்ணெய் பூசிய அலகை போடில் வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்தா. நுனியிலிருந்து ஒரு துளி அவவின் சப்பாத்தில் விழுந்தது.

"நொ" என்றா. பிறகு, "இது வாள், சலாட் இல்லை."

கூட எண்ணெய் என்றால் தூசி ஒட்டும், உறைக்குள் வடிந்து மரம் ஊறும். ஆகவே துணியில் ஒரே ஒரு துளி விட்டுப் பூசிவிட்டு, இன்னொரு காய்ந்த துணியால் அதைத் துடைத்து எடுக்க வேண்டும். துடைத்த பிறகு மிச்சம் எதுவோ அதுதான் அளவு. சரிவாகப் பார்த்தால் யாரோ தூரத்திலிருந்து மூச்சு விட்டது போலத் தெரிய வேண்டும். எனக்கு அது மனதுக்கு ஒத்துக்கொள்ளவே இல்லை. மாரியில் வீட்டில் படுத்திருந்து, அந்த வாள்கள் உடுப்பில்லாமல் கிடக்கின்றன என்று யோசிப்பேன். மனிசி ஒருநாள், "போர்வை ஏதும் கொண்டுபோகப் போறியளோ?" என்று கேட்டா.

இப்படி இருக்கும்போதுதான் லுண்ட் அம்மா வந்தா. புருஷன் ஹென்றிக் வாழ்நாள் முழுக்க யப்பான் வாள் சேர்த்தவர், இறந்துபோனார். அந்தச் சேகரிப்பை எங்களுக்குத் தருவதா, கொப்பன்ஹேகனில் ஏலத்துக்கு விடுவதா என்று அவவுக்கு முடிவில்லை. முதலில் ஒன்றே ஒன்றைத் தருகிறேன் என்றா, உள்ளதில் திறமானதை. இலையுதிர்கால லீவு தொடங்குகிற ஞாயிற்றுக்கிழமை சனத்துக்குக் காட்டுங்கோ, திங்கட்கிழமை வந்து என் வாளைப் பார்த்துவிட்டு முடிவு சொல்கிறேன் என்றா.

இது எனக்கு என்னவென்றால், அந்தச் சேகரிப்பு வந்தால் போடிலின் அறையில் இரண்டாவது ஆளுக்கு நிரந்தர வேலை. வராவிட்டால் நான் திரும்ப வாளியும் துடைப்பமும். துடைப்பம் கேவலமில்லை, பிள்ளைகள் அதில்தான் வளர்ந்தார்கள். ஆனால் அந்த அறையில்தான் என் பயத்துக்கு ஒரு மரியாதை இருந்தது. உலகத்தில் வேறெங்கும் அது இல்லை.

வாள் வெள்ளிக்கிழமை வந்தது. ஹென்றிக் கமேலியாக்காரர் போல. அலகு முழுக்க மஞ்சள் பிசின், தேன் காய்ந்தது மாதிரி. அவசரத்தில் இதைக் கழற்ற ஏலாது, ஞாயிறு முடியட்டும் என்றா போடில். பிறகு கொஞ்சம் யோசித்தா.

"சனம் கிட்ட வரும். மூச்சு விடும், இருமும். இந்த முறை மட்டும் எண்ணெய் உங்கட அளவில பூசுங்கோ."

எனக்குக் காது கேட்டது சரியா என்று சந்தேகம். "எங்கட அளவிலயோ?"

"ஓம். தலைக்கு வைக்கிற மாதிரி."

வருஷக்கணக்கில் அடக்கி வைத்த கை. அந்த வாளுக்கு நான் தீபாவளி முழுக்கே ஆட்டிவிட்டேன்.

அந்தச் சந்தோஷத்தில் வீட்டில் வாளைப் பற்றிக் கொஞ்சம் கூடவே புளுகிவிட்டேன் போல. மனிசியின் தங்கச்சி கமலா அந்தக் கிழமை ரண்டர்ஸ் பட்டினத்திலிருந்து வந்து நின்றவ. முதியோர் இல்லத்தில் வேலை, தன்னைவிட இரண்டு மடங்கு பாரமான ஆட்களைத் தூக்கிப் புரட்டுகிறவ, எதற்கும் பயமில்லாதவ. ஞாயிறு காலையில் தமிழ்ப் பள்ளிக்கூடத்து வாணிவிழா. அது முடிந்து மண்டபத்திலிருந்து நேராக எங்கள் சனம் ஒரு கூட்டம் சேலையும் பூவுமாக நூதனசாலைக்கு வந்து இறங்கியது. எனக்குப் பெருமை. போடில் மற்ற மேசையில் பிள்ளைகளுக்கு ஏதோ காட்டிக்கொண்டிருந்தா. நான் வெள்ளைக் கையுறையோடு வாளின் மேசைக்குப் பக்கத்தில், கயிறு கட்டிய வேலிக்கு உள்ளே.

ஒரு டேனிஷ்காரர், இதால் மயிரை வெட்டலாமா என்று கேட்டார். நான் அவர் பக்கம் திரும்பி, வெட்டலாம், ஆனால் வெட்டக்கூடாது என்று விளக்கம் சொல்லத் தொடங்கினேன். விளக்கம் கொஞ்சம் நீண்டுவிட்டது. திரும்பிப் பார்த்தால், கமலா கயிற்றுக்கு மேலால் வளைந்து நிற்கிறா. இடக்கையில் பூசைக்குக் கொண்டுவந்த சந்தனச் செப்பு. அலகின் நடுவில் சந்தனம், அதன் மேல் குங்குமம், குழைத்துக் குளிரக் குளிர ஒரு பொட்டு. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. மூன்றாவதற்கு விரல் போகிறது.

"கமலா" என்றேன்.

"என்ன அத்தான்?" என்றா. "ஆயுதபூசைக் காலம். தையல் மெசினுக்கும் காருக்கும் வைக்கிறம். இதுதானே உண்மையான ஆயுதம், இதுக்கு ஒருத்தரும் வைக்கேல்லை."

அவவுக்குப் பின்னால் ஒரு வரிசை. எங்கள் ஆட்கள் நாலைந்து பேர் கும்பிட்டபடி நிற்கிறார்கள். அவர்களுக்குப் பின்னால் ஒரு டேனிஷ் குடும்பம், இதுவும் லீவுக்கால நிகழ்ச்சியில் ஒன்று என்று நினைத்து, தாய் தகப்பன் பிள்ளைகளோடு ஒழுங்காக வரிசையில். அவர்களுடைய கடைசிப் பெட்டைக்கு நெற்றியில் ஏற்கெனவே பொட்டு ஏறிவிட்டது.

என் முகத்தைப் பார்த்த கமலாவுக்கு ஏதோ பிழை என்று மட்டும் விளங்கிவிட்டது. "பொறுங்கோ, துடைச்சு விடுறன்" என்று சேலைத் தலைப்பை எடுத்தா. அதுதான் அன்றைய மிகப் பெரிய ஆபத்து. சந்தனத்தில் தண்ணீர் மட்டுமில்லை, மரத்தூளும் இருக்கிறது, குங்குமத்தில் என்ன இருக்கிறதென்று கடவுளுக்குத்தான் தெரியும். ஒரு தேய், கண்ணாடி மினுக்கம் போய்விடும். நான் இரண்டு கையையும் விரித்து அவவுக்கும் வாளுக்கும் நடுவில் பாய்ந்து நின்றேன். மயிர் கேட்ட மனிசன் கை தட்டினார், காட்சி தொடங்கிவிட்டது என்று நினைத்திருப்பார்.

போடில் வந்தா. பார்த்தா. கண்ணாடியைப் போட்டுத் திரும்பவும் பார்த்தா.

"நொ" என்றா. "ஒருத்தரும் உரசக்கூடாது. தாங்கியோட தூக்குங்கோ."

வாளைத் தாங்கியோடு தூக்கிக்கொண்டு அறைக்குப் போனோம். கதவைச் சாத்தி, விளக்கைக் கிட்ட இழுத்து, இரண்டு பேரும் தாளைக் கவ்விக்கொண்டோம். போடில் ஒற்றுத்தாளின் ஒரு மூலையைச் சந்தனத்தின் விளிம்பில் முட்டாமல் முட்டிப் பிடித்தா. தாள் தண்ணீரைத் தானாக உறிஞ்சியது. இன்னொரு மூலை, இன்னொரு பக்கம். ஈரம் போகப் போகச் சந்தனம் வெடித்துப் பெயர்ந்தது. அதை மெல்லிய மூங்கில் ஈர்க்கால் தூக்கி எடுத்தா, தள்ளவில்லை, தூக்கினா. அப்போதுதான் நான் கண்டேன், பொட்டு வாளில் ஒட்டவே இல்லை. அடியில் எங்கள் அளவில் பூசிய எண்ணெய் தளதளவென்று கிடந்தது, சந்தனம் அதன் மேல் தெப்பம் மாதிரி மிதந்துகொண்டிருந்தது. போடில் என்னைப் பார்த்தா. தாள் கவ்விய வாய்க்கு மேலே கண் இரண்டும் சிரித்தது.

சந்தோஷம் அவ்வளவுதான் நீடித்தது. எண்ணெய்க்குள் குங்குமம் சிவப்பு நூலாக ஓடியிருந்தது. அதை எடுக்க ஸ்பிரிற் பஞ்சு உருட்ட வேண்டியிருந்தது. உருட்ட உருட்ட எண்ணெயோடு அடியில் இருந்த ஹென்றிக்கின் மஞ்சள் பிசினும் கழன்று வந்தது. கடைசியில் அந்த இடம் வெறும் இரும்பாக வெளியே வந்தபோது, முதல் பொட்டு இருந்த அதே இடத்தில், மிளகளவில் ஒரு கறுப்புப் புள்ளி. அதைச் சுற்றி எள்ளுத் தூவியது போலச் சின்னப் புள்ளிகள்.

போடில் தாளை வாயிலிருந்து எடுத்தா. எழும்பிப் போனா. அடுத்த அறையில் கொட்டை அரைபடத் தொடங்கியது.

கோப்பி குடித்துக்கொண்டு சொன்னா, இது பழைய துரு என்றுதான் தன் மனம் சொல்கிறதாம், இவ்வளவு கெதியில் இவ்வளவு கறுக்காதாம். ஆனால் பிசினுக்கு அடியில் முதலே இருந்ததா என்று ஒருவரும் கண்டதில்லை. "எங்களால வரேல்லை எண்டு நான் சத்தியம் பண்ண ஏலாது." எண்ணெயைப் பூசி மூடிவிட்டால் அவ்வளவாகத் தெரியாதே என்று நான் மெதுவாகக் கேட்டேன். பூசமாட்டேன், நாளைக்கு அவ வந்து பார்க்கும் வரைக்கும் இது வெறுமனே இருக்கும், அறைக்காற்றை உலர்த்தி வைப்போம், நடந்ததை நடந்தபடி சொல்வோம் என்றா. அதற்குப் பிறகு நான்தான் விடாமல் கதைத்துக்கொண்டிருந்தேன்.

வீட்டில் கமலா அழவில்லை, அவவுக்கு அது வராது. ஆனால் திங்கட்கிழமை ரண்டர்ஸுக்கு ரயில் ஏற வேண்டியவ என்னோடு நூதனசாலைக்கு வந்தா. "நான் செய்தது, நான்தான் சொல்லவேணும். உங்களைக் கதைக்க விட்டா நீங்கள் செய்யாததையும் சேர்த்து ஒத்துக்கொள்ளுவியள்." அது உண்மை.

லுண்ட் அம்மா சின்னஞ்சிறிய மனிசி, பெரிய கைப்பையோடு வந்தா. போடில் சுற்றி வளைக்கவில்லை. சனம் வந்தது, வாளில் சந்தனமும் குங்குமமும் வைக்கப்பட்டது, இப்படி எடுத்தோம், இந்த இடத்தில் இது இருக்கிறது, எங்களால் வந்ததா என்று தெரியாது. பிறகு கமலா முன்னுக்கு வந்து, தன்னுடைய ரண்டர்ஸ் டேனிஷில் சொன்னா: வருஷத்தில் ஒருமுறை எங்களுக்குச் சோறு போடுகிற சாமான்களுக்கு இப்படிப் பொட்டு வைத்துக் கும்பிடுவோம். நான் என் காருக்கு வைப்பேன். இல்லத்தில் ஆட்களைத் தூக்குகிற மெசினுக்கும் ஒருவருக்கும் தெரியாமல் வைப்பேன். மரியாதைக்குத்தான் வைத்தது, பழுதாக்க இல்லை.

லுண்ட் அம்மா தலையை ஆட்டினா. உருப்பெருக்கியை வாங்கி வாளுக்கு மேலே குனிந்தா. கன நேரம் குனிந்தபடியே நின்றா. அவவின் தோள் குலுங்கத் தொடங்கியது. ஒரு விதவைப் பெண்ணை அழப்பண்ணிவிட்டோம் என்று நினைத்தேன். போடில் கதிரையை இழுத்துப் போட, அவ அதில் இருந்து, கைலேஞ்சியை வாயில் பொத்தி, கண்ணால் தண்ணி ஓட ஓட, சிரித்தா.

"இது ஹென்றிக்" என்றா.

எங்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"ஹென்றிக்கின்ர தும்மல்." திரும்பவும் சிரிப்பு. மே மாதத்தில் மரங்கள் பூத்தூள் விடும்போது ஹென்றிக்குக்கு ஒரே தும்மலாம். வாள் வாங்கின புதிதில் யன்னலோரம் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தவர், ஒரு தும்மல், நேரே அலகில். துடைக்கப் பயந்து, யாரையாவது கேட்போம் கேட்போம் என்று இருந்து, விடியப் பார்த்தால் புள்ளி. அதற்குப் பிறகு யார் வாள் பார்க்க வந்தாலும் தெரியாமல் இருக்க, எண்ணெய்க்கு மேல் எண்ணெய். படுத்தால் நித்திரை இல்லையாம். "எத்தினை வருஷம் இந்தப் புள்ளியைப் பற்றியே கதைச்சார். செத்த பிறகு நான் தேடினன், காணேல்லை. எப்பவோ அழிச்சுப்போட்டார் எண்டு நினைச்சு எனக்குக் கவலையாப் போச்சு."

கமலாதான் முதலில் சிரித்தா. பிறகு போடில். போடில் சத்தம் போட்டுச் சிரித்து நான் முதன்முதலில் கண்டது அன்றுதான். நான் கடைசியாகத் தொடங்கி, கடைசியாக முடித்தேன். பார்க்காத ஹென்றிக்கின் மேல் எனக்கு அப்படி ஓர் அன்பு வந்தது. வாளை நினைத்து நித்திரை கொள்ளாத இன்னொரு மனிசன் இந்த நாட்டில் இருந்திருக்கிறார்.

லுண்ட் அம்மா போகும்போது முடிவைச் சொன்னா. வாள்கள் எல்லாம் இங்கேயே இருக்கட்டும். ஆனால் அந்தப் புள்ளியை ஒருவரும் மினுக்கி எடுக்கக்கூடாது. வருஷத்தில் ஒருமுறை இந்தப் பிள்ளை வந்து பொட்டும் வைக்க வேண்டும்.

"வாள் வைக்கிற மரப்பெட்டி மூடியில" என்றா போடில் உடனே. "அலகில இல்லை. மூடியின்ர இடப்பக்க மூலையில. மெழுகு பூசின பிறகு."

அவ போன பிறகு போடில் மூன்று போத்தலையும் என் முன்னால் வைத்து, இந்த வாளுக்கு எதென்று நீங்களே சொல்லுங்கோ என்றா. கராம்பு என்று வாய் வரைக்கும் வந்தது. ஆனால் நான் மெசின் எண்ணெயை எடுத்தேன். மஞ்சளாகாது, எத்தனை வருஷம் போனாலும் தும்மல் தெளிவாகத் தெரியும். துணியில் ஒரு துளி, பூசி, துடைத்து, தூக்கிக் காட்டினேன். போடில் சரித்துப் பார்த்துவிட்டு "நொ" என்றா. பிறகு போய்த் தூள் கோப்பி போட்டா. எனக்கு நிரந்தர வேலை கிடைத்துவிட்டதென்று அந்தத் தூள் கோப்பியில்தான் நம்பினேன்.

அதற்குப் பிறகு நான் ஓய்வுபெறும் வரைக்கும், அதற்குப் பிறகும், ஒவ்வொரு இலையுதிர்கால லீவிலும் கமலா ரண்டர்ஸிலிருந்து ரயிலில் வந்து பெட்டி மூடியில் பொட்டு வைத்தா. லுண்ட் அம்மா இருந்த காலம் வரை கேக்கோடு வருவா.

இப்போது சோபீயின் கேள்விக்கு வருகிறேன். பழைய மரப்பெட்டிகள் போய்விட்டன, புது அலுமாரி கண்ணாடியும் இரும்பும்தான். போனில் அவ கேட்டது இதுதான்: "இந்த அலுமாரியில பொட்டு எங்கை வைக்கிறது?"

போனோம். நான், மனிசி, கமலா. போடில் கைத்தடியோடு வந்தா, கண்ணாடிக் கயிறு அதே கயிறு. வாள்களைக் கடைசித் தடவையாகத் துடைத்தோம். ஹென்றிக்கின் வாளை என்னிடம் தந்தார்கள். தாளைக் கவ்வி, அடியிலிருந்து நுனிக்கு ஒரே இழுவை. புள்ளி பத்திரமாக இருந்தது. எண்ணெய் இல்லாமல் அலகை உள்ளே வைக்க எனக்குக் கை கூசியது. சோபீ அலுமாரியில் இருக்கிற சின்ன இலக்கத்தைக் காட்டி, காற்று எவ்வளவு உலர்ந்தது பாருங்கோ, இனி நீங்கள் நித்திரை கொள்ளலாம் என்றா. நான் நித்திரை கொள்கிறேன், ஆனால் இந்த மெசின் நித்திரை கொண்டால் என்ன செய்வது என்று கேட்டேன். மனிசி என் சட்டையைப் பிடித்துப் பின்னுக்கு இழுத்தா.

பொட்டுக்கு இடம் தேடினோம். கண்ணாடியில் வைத்தால் பார்க்கிற சனத்துக்கு மறைக்கும் என்றா சோபீ. இரும்பில் வைத்தால் வர்ணம் போய்விடும் என்று நான் பயந்தேன். கமலா இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, "வேலை செய்யிறது ஆர்?" என்று கேட்டா. காற்றை உலர்த்துகிற மெசின்தான். "அப்ப அதுக்குத்தானே வைக்கவேணும்." அலுமாரியின் கீழ்த்தட்டைத் திறந்து, மெசினின் நெற்றியில், காற்று இழுக்கிற ஓட்டைகளுக்குச் சற்று மேலே, குளிரக் குளிரச் சந்தனம், அதன் மேல் குங்குமம். எல்லாரும் கும்பிட்டோம். சோபீயும் கும்பிட்டா. கதவைச் சாத்தினோம்.

கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு மெசின் ஒருமுறை உறுமியது. சிவப்பு விளக்கு ஒன்று மின்னியது. பிறகு அது கத்தத் தொடங்கியது, நிற்பாட்டாமல், தீப்பிடித்த வீடு மாதிரி. சோபீ இலக்கத்தைக் குனிந்து பார்த்து, ஈரம் என்று சொல்கிறது, எங்கேயோ தண்ணீர் கண்டுபிடித்துவிட்டது என்று சொல்லிக்கொண்டே கம்பனிக்கு அடிக்கப் போனைத் தேடி ஓடினா. கமலா சேலைத் தலைப்பை எடுத்தா. நான் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு அவவுக்கும் மெசினுக்கும் நடுவில் பாய்ந்தேன்.

போடில் கண்ணாடியைப் போட்டு மெசினைப் பார்த்தா. பொட்டைப் பார்த்தா. என்னைப் பார்த்தா.

"நொ" என்றா.

பிறகு கைத்தடியை ஊன்றிக்கொண்டு அடுத்த அறைக்குள் போனா. அந்தப் பழைய அரைவை இன்னும் அங்கேதான் இருந்திருக்கிறது. மெசின் கத்துகிற சத்தத்துக்கு மேலால் கொட்டை அரைபடுகிற சத்தமும், அரைக்கிறவ தனியே நின்று விழுந்து விழுந்து சிரிக்கிற சத்தமும் எங்களுக்குக் கேட்டது.